டிரில் மாஸ்டர் கட்டிய குச்சு

நம் வயதுப் பெண்களுக்கெல்லாம் குச்சு கட்டியது தாய்மாமன். எனக்குக் கட்டியது ஒரு டிரில் மாஸ்டர். சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் இத்தனை காலம் சொல்லாமல் இருந்தேன். சிரித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் சிரிப்பது, எந்த இடத்தில் அழுவது என்று தெரியாமல்தான் நானும் அந்த மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பேத்திகள் யாராவது தோளுக்கு மேல் எட்டிப் படித்தால் அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். பெண் பெரியவளானால் தாய்மாமன் பச்சைத் தென்னை ஓலை வெட்டி வந்து, வீட்டுக்கு வெளியே ஒரு சின்னக் குடிசை கட்டுவார். அதுதான் குச்சு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை பெண் அதில் தனியாக இருப்பாள். அன்றைக்கு அவளை வெளியே அழைத்து வந்ததும் குச்சைக் கொளுத்திவிடுவார்கள். கட்டுவது மாமனின் உரிமை. கட்டியவர்தான் பிறகு அவள் கல்யாணம் காட்சிக்கெல்லாம் மாமன் என்று வந்து நிற்க முடியும். மாமன் வராத பெண் என்று ஒரு பேச்சு விழுந்துவிட்டால் அது அவள் கூடவே வரும். அந்தப் பேச்சுக்குத்தான் அம்மா பயந்தாள்.

எங்கள் ஊர் மீன்சுருட்டிக்குத் தெற்கே, ஒரு ஏரியை ஒட்டி. ஏரிக்கரைக்குக் கீழே அப்பா மண் சுவர் வைத்துக் கீற்று வேய்ந்து ஒரு வீடு கட்டினார். பால் காய்ச்சிய அன்று குன்னம் பக்கத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு அவர் ஒரே அண்ணன். அவர் ஊர் வானம் பார்த்த பூமி, பருத்தியும் வெங்காயமும் விளைகிற கறுப்பு மண். அவ்வளவு தண்ணீரைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயந்துவிட்டார். கையில் பால் டம்ளரோடு கரையை அண்ணாந்து பார்த்து, "என்ன மாப்ள, ஏரிக்கு அடியில வந்து கட்டிருக்கீங்க. இது வூடு இல்ல, படகு. ஒரு நாளைக்கு மெதக்கப் போவுது" என்றார்.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா வாயில வர்ற வார்த்தயப் பாரு. கருநாக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

மாமாவுக்கு நாக்கின் ஓரத்தில் உண்மையாகவே ஒரு கரும்புள்ளி உண்டு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நாக்கை நீட்டச் சொல்லி அதைத் தொட்டுப் பார்ப்போம். கருநாக்குக்காரர் சொன்னால் பலித்துவிடும் என்று சொல்வார்கள் இல்லையா, அதை யாரும் அதுவரை அவரைப் பார்த்துச் சொன்னதில்லை. டம்ளரைத் தரையில் வைத்தார். சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

அப்புறம் அந்தப் புயல் மழை வந்தது. மத்தியானத்தில் கரை உடைந்தது. மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஏறித் திரும்பிப் பார்த்தோம். எங்கள் வீட்டுக் கூரை சுவரை விட்டுத் தனியாகக் கழன்று, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, மிதந்துகொண்டு போனது. சத்தமே இல்லை. கூரை மேல் எங்கள் பூனை உட்கார்ந்திருந்தது. அப்பா யாரையும் பார்க்காமல், "சொன்னான்ல. சொன்ன மாதிரியே ஆயிருச்சுல்ல" என்று மட்டும் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்த பிறகு வீடு இருந்த இடத்தில் அம்மிக்கல் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் எங்கெங்கோ கிடந்தன. எங்கள் சோற்றுக் குண்டான் அடுத்த ஊர் வயலில் கவிழ்ந்து கிடந்தது. என் பச்சைத் தகரப் பெட்டி, அதற்குள் இருந்த மயிலிறகு, கண்ணாடி வளையல், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பெட்டியை இன்றைக்கும் எங்காவது பார்த்தால் அடையாளம் சொல்லிவிடுவேன். பூனை தானாகத் திரும்பி வந்தது, எப்படி என்று யாருக்கும் தெரியாது.

திருச்சியிலிருந்து லாரியில் மூங்கிலும் கீற்றும் கயிறும் வந்து இறங்கின. கூடவே கல்லூரிப் பிள்ளைகளும் வந்தார்கள். கூலி கிடையாது, இடிந்த வீடுகளைக் கட்டிக் கொடுக்க அவர்களாகவே வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் கல்லூரியின் டிரில் மாஸ்டர். ஊரே அவரை முகாம் சார் என்றது. நரைத்த மீசை, அரைக்கால் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். திருநெல்வேலிக்கும் தெற்கேயிருந்து வந்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும், அவர் பேச்சு எங்களுக்குப் பாதிதான் புரியும். எதையும் விசில் அடித்துத்தான் தொடங்குவார். மூங்கில் தூக்க ஒரு விசில், இறக்க ஒரு விசில். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த கிழவர்கள்கூட விசில் கேட்டதும் எழுந்து நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் பெரியவளானேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கரை உடைந்ததற்கும் எனக்கு நடந்ததற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, சேற்றுத் தண்ணீரில் நடந்ததால்தான் இப்படி என்று நினைத்தேன். யாரிடமாவது கேட்கலாம் என்றால், எல்லோரும் என்னைத் தொடாமல் தள்ளி நின்று பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் தனி இடம் ஏது? மூன்றாம் வகுப்புக் கரும்பலகையைத் தாங்கியோடு மூலையில் நிறுத்தி, அதற்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். பலகையின் பின்பக்கம் யாரோ ஆணியால் கீறிய படகு ஒன்று இருந்தது. சாக்பீஸ் வாசனையும் ஈரக் கோணி வாசனையும் கலந்து அடித்தது.

பார்க்க வந்த பெண்களுக்கும் குழப்பம். வீடு போனதற்கு அழ வேண்டும், பெண் பெரியவளானதற்குச் சிரிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அத்தை இரண்டையும் ஒரே மூச்சில் செய்தாள். உளுந்தங்களி கிண்ட உளுந்து இல்லை. ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள். நனைந்து முளைவிட்டிருந்த அந்த உளுந்தில் கிண்டிய களியில் ஏரி மண் வாசனை வந்தது. அது தீர்ந்ததும் நிவாரண ரொட்டியை நல்லெண்ணெயில் ஊற வைத்துக் கொடுத்தார்கள். அதன் ருசியை நான் வர்ணிக்கப் போவதில்லை.

அம்மாவின் கவலையெல்லாம் குச்சுதான். அண்ணனுக்குச் சொல்லிவிடலாம் என்று அப்பாவிடம் கேட்டாள்.

"வந்து என்னத்தப் பாக்கணும் அவன்? மெதந்துச்சா இல்லியான்னா?" என்றார் அப்பா.

அவருக்குத் தெரியாமல், குன்னம் பக்கம் போன ஒரு வெங்காய வியாபாரியிடம் அம்மா சேதி சொல்லிவிட்டாள். நாள் போனது. மாமா வரவில்லை. விழுந்த வீட்டைக்கூட வந்து பார்க்காதவர் இதற்கா வருவார் என்று அத்தை சொல்ல, அம்மா கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"ஒரு குச்சு கட்டக்கூட எனக்கு நாதியில்லாமப் போச்சே."

முகாம் சார் அப்போது கயிறு எடுக்க உள்ளே வந்திருக்கிறார். அவர் ஊரில் குச்சு என்றால் சின்னக் கீற்று வீடு, அவ்வளவுதான். அடுத்து யார் வீட்டைக் கட்டுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

"குச்சுதானம்மா? இதுக்கா அழுதீய? நாங்க வேற எதுக்கு வந்திருக்கோம். நாளைக்கே நான் கெட்டித் தாரேன். கண்ணத் தொடைங்க" என்றார்.

 பலகைக்குப் பின்னால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்த ஆம்பளையும் முன்பின் தெரியாத பெண்ணுக்கு அப்படிச் சொல்ல மாட்டான். சொன்னால் அவன் அண்ணன். அம்மா எழுந்து நின்று, "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டு மறுபடி அழுதாள். முகாம்களில் எத்தனையோ பெண்கள் அவரை அண்ணே என்றிருப்பார்கள். அவர் தலையாட்டிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்.

யாராவது அவரிடம் விளக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யார் விளக்குவது? பொம்பளை விஷயத்தை ஒரு வெளியூர் வாத்தியாரிடம் எந்தப் பெண் சொல்வாள்? கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். அவர்கள் வெட்கத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு மூங்கில் தூக்கினார்கள். எங்கள் ஜனங்களோ, அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் மனமிரங்கிக் கட்டுகிறார் என்று நம்பிவிட்டார்கள். அப்பாவுக்கும் அதில் ஒரு திருப்தி. "யாரு கட்னா என்ன, மனசு இருக்குறவங்க கட்டட்டும்" என்று அவரே கூட நின்று குழி தோண்டினார்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மேட்டில், மறுபடி தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து, சார் கட்டினார். விசில் சத்தத்தை எண்ணிக்கொண்டே நான் கிடந்தேன். அத்தை வந்து வந்து சேதி சொல்வாள்.

"அடியே, ஒன் குச்சுக்கு நடுக்கால் நடுறாங்க."

"ஒன் குச்சுக்கு சன்னல் வைக்கிறாங்கடி."

"மண்ணு கொழச்சு செவுரு எழுப்புறாங்க. இந்த மாமன் பெரிய மாமனால்ல இருக்காரு."

வெள்ளத்தில் ஒதுங்கிக் கிடந்த யார் வீட்டுக் கதவையோ தேடி எடுத்து வந்து மாட்டியும் விட்டார். அதில் பழைய மஞ்சள் பொட்டுகள் அழியாமல் இருந்தன. ஒரு நாள் இருட்டுவதற்கு முன்னால் என் தலையில் துணியைப் போட்டு மூடி அழைத்துப் போய், உள்ளே உட்கார வைத்து, வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டார்கள். எங்கள் பழைய வீட்டைவிட அது பெரிது. ஈர மண்ணும் புது மூங்கிலும் மணத்தன. ஒரு வீடு முழுக்க எனக்கு ஒருத்திக்கு. வீடில்லாத என் அப்பா, அம்மா, தம்பி பள்ளிக்கூட வராந்தாவில். ஏதோ தப்பு நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது, என்ன தப்பு என்று மட்டும் பிடிபடவில்லை.

ஆம்பளைகளைப் பார்க்கக் கூடாது என்பதால் சன்னலைக் கோணியால் மறைத்திருந்தார்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகக் கால்கள் தெரியும். சாரின் கான்வாஸ் ஷூ தினமும் வந்து நிற்கும்.

"ஏன் இன்னும் நீங்க குடிவரல? பிள்ளைய மட்டும் தனியா விட்டிருக்கீயளே?" என்று அப்பாவிடம் கேட்பார்.

"நாள் பாத்துருக்குங்க சார். அன்னிக்கு நீங்க அவசியம் இருக்கணும்" என்பார் அப்பா.

குடிபோக நாள் பார்த்திருக்கிறார்கள் என்று சாருக்கு நிம்மதி. மாமனாக நிற்கச் சார் சம்மதித்துவிட்டார் என்று அப்பாவுக்கு நிம்மதி. இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிந்து போவார்கள்.

அந்த நாள் வந்தது. வாசலில் ஊர் கூடிவிட்டது. பெண்கள் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் சந்தில் கண்ணை வைத்துப் படுத்திருந்தேன். செருப்பில்லாத இரண்டு கால்கள் வந்து நின்றன. முழங்கால் வரை சேறு, அதன் அடியில் காய்ந்துபோய் வேறு நிறத்தில் இன்னொரு சேறு, கறுப்பு மண். பக்கத்தில் ஒரு சைக்கிள் சக்கரம். பச்சைத் தென்னை ஓலையின் நுனிகள் தரையில் இழுபட்டுக் கிடந்தன.

மாமா வந்திருந்தார். அவர் ஊரில் தென்னை கிடையாது. வாடாத பச்சை ஓலைக்கு ஊர் ஊராக அலைந்திருக்கிறார். புயல் எல்லாத் தென்னைகளையும் சாய்த்திருந்தது. பஸ்ஸில் ஓலையை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். சாலை அறுந்த இடங்களில் சைக்கிளைத் தலையில் தூக்கி நடந்து வந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும்தான்.

"யாரு கட்னது இது?"

கிணற்றிலிருந்து வந்த அம்மாவின் கால்கள் அவருக்கு எதிரே நின்றன. குடத்துத் தண்ணீர் தளும்பிக் கொட்டியது.

"அண்ணன் கட்டிக் குடுத்தாங்க" என்றாள், பழக்கத்தில்.

"எந்த அண்ணன்?" என்றார் மாமா.

 அந்த இரண்டு சொற்களை மாமா கோபமாகக் கேட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார். தனக்குத் தெரியாமல் இன்னொரு அண்ணன் இருக்கிறானோ என்பது போல.  கதவைத் திறந்துகொண்டு ஓடி, மாமா நீங்க கட்டுங்க என்று சொல்லத் தோன்றியது. உலக்கையைத் தாண்டக் கூடாது.

அதற்குள் ஊருக்குத் துணி வெளுப்பவள் எரிகிற வைக்கோல் பிரியோடு வந்துவிட்டாள். பெண் வெளியே வந்ததும் குச்சைக் கொளுத்துவது அவள் வேலை. நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாள். கான்வாஸ் ஷூ ஓடி வந்தது. விசில் காதைக் கிழித்தது.

"என்ன செய்தீய? கெட்டின வீட்டையா கொளுத்தப் போறீய? பிள்ளை உள்ள இருக்குல்லா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கொளுத்தாவிட்டால் ஆகாது என்றது ஒரு குரல். சாருக்குத் தெரியாதா, அவர்தானே மாமன் என்றது இன்னொரு குரல். யாருக்கு மாமன் என்றார் சார். ஓலையை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். கால்களெல்லாம் குழம்பி எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று. வைக்கோல் புகை சந்து வழியாக உள்ளே வந்தது. 

அப்போதுதான் கதவுக்கு மிக அருகில், ஒரு ஆண் குரல், புகையில் கம்மி, மெதுவாகத்தான் சொன்னது.

"அணைங்க. மேட்டுல நிக்கிது. இது வூடு. வூட்ட யாரும் கொளுத்த மாட்டாங்க."

 தண்ணீரில் தீ சுர்ரென்று அணையும் சத்தம் கேட்டது.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மாமா தன் ஓலைகளை வைத்து வாசலிலேயே ஒரு கோழிக்கூடு அளவுக்கு ஒரு குச்சு கட்டினார். கழியை அப்பா பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, "இந்தாங்க", "இங்க" என்பதைத் தவிர. அதில் குனிந்து நுழைந்து உட்கார்ந்தேன். பச்சை ஓலை வாசனை மூக்கில் ஏறியதும்தான் வெளியே வந்தேன். தண்ணீர் ஊற்றினார்கள், அதைக் கொளுத்தினார்கள். பச்சை ஓலை எரியவே இல்லை. புகைந்தது. ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. யாருக்குப் புகை, யாருக்கு அழுகை என்று கண்டுபிடிக்க முடியாது.

சாரின் காதில் அப்பா ஏதோ சொல்வதைப் பார்த்தேன். சாரின் முகம் மீசை வரை சிவந்தது. வாயைத் திறந்தார், மூடினார். மாமாவிடம் போய்க் கையைக் கூப்பி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் வீடுன்னுதான் கெட்டினேன்" என்றார். மாமா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிறகு மாமன் சீர் வைக்கும் தட்டைச் சாரிடமும் நீட்டினார்கள். பாவம், அவர் என்ன வைப்பார்? பாக்கெட்டைத் தடவினார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு முகாம் முடியும்வரை வாயால்தான் கத்தினார். அந்த விசில் வெகுநாள் என்னிடம் இருந்தது. எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்று தெரியவில்லை.

அந்த வீட்டில் நாங்கள் பல காலம் இருந்தோம். அதன் வாசலில்தான் என் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டினார்கள். மாமா வந்து மாமனாக நின்றார். அவரும் அப்பாவும் மறுபடி மச்சான், மாப்ள என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு குழப்பம் மிச்சம். இது வூடு என்று சொன்னது யார்? சார் இல்லை, அவர் வீடு என்றுதான் சொல்வார். அம்மாவைக் கேட்டால் குடம் தளும்பிய பதற்றத்தில் கவனிக்கவில்லை என்றாள். அப்பா போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கேட்டேன். "ஒங்க மாமன்தான். நல்ல வாய்டி அது. நாந்தான் என்னென்னமோ சொல்லிட்டேன்" என்றார். அது போதும் எனக்கு, தெளிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா அந்த வீட்டுக்கு வந்திருந்தார். கண் சரியாகத் தெரியாத வயது. அப்பா சொன்னதை அவரிடம் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று. கையை நீட்டி அந்த மண் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஒங்கப்பாதான் சொன்னாரு தாயி. அன்னிக்கி நான் வாயே தொறக்கல" என்றார். "நான் சொல்லியிருந்தா இந்த வூடு நின்னுருக்குமா?"